சாக்கோடு மஸ்கிக்குப் போன கோடை

ஒரு மரமீனின் முதுகில் பல்லுத் தடத்தைக் கண்ட நிமிசத்தில்தான் எனக்கு இந்த மஸ்கிப் பைத்தியம் பிடித்தது.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தெருவில் வெயில் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் யாராவது கராஜ் சேல் போடுவார்கள். என்னோடு வளர்ந்த உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வயர் அறுந்த ரோஸ்ரர், துண்டு குறைந்த பஸில், ஆரோ ஒரு கிழவரின் கோல்ஃப் தடிகள். எங்கள் அப்பாமார் காரை மெல்ல உருட்டிக்கொண்டு போய், கண்ணாடியை இறக்காமலே மேசையைப் பார்த்து, "முழுக்கக் குப்பை" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். இறங்காமல் விட்டதை நான் கண்டதில்லை.

அன்றைக்கு தெரு முடக்கு வீட்டு வெள்ளைக்கார அன்ரி, போன மாரியில் இறந்துபோன தன் கணவரின் மீன்பிடிச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தா. அதற்குள் கிடந்தது அந்த மரமீன். என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். முதுகு பச்சை, வயிறு மஞ்சள், அடியில் கொத்துக் கொத்தாகத் தூண்டில் முள்ளு. வாசம்கூட மறக்கவில்லை: வார்னிஷ், ஈரக் கயிறு, கொஞ்சம் பெற்றோல். முதுகில் ஓரிடத்தில் வர்ணம் உரிந்து மரம் தெரிந்தது. அங்கே வரிசையாகக் குழிகள். விரலை வைத்தேன். நகம் உள்ளே போனது.

"இதைக் கடிச்சது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"மஸ்கி" என்றா அன்ரி. நன்னீர் மீன், உன்னளவு நீளம் வளரும், முதலையின் வாய், ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் அது இருக்கிற ஏரிக்கே போய்விடலாம் என்றா. படகை மெல்ல ஓடவிட்டு இந்தப் பொய்மீனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டுமாம். அதற்குப் பெயர் ட்ரோலிங். சொல்லிவிட்டு நீள மூக்குள்ள குறடு ஒன்றையும் கம்பி வெட்டுகிற பெரிய கட்டரையும் என் பக்கம் தள்ளிவிட்டா. "இதுகளை முதல் எடு, செல்லம். மீனை விடுகிற சாமான் முதல், பிடிக்கிற சாமான் பிறகு என்று அவர் எப்பவும் சொல்லுவார்."

நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அப்பா குறட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"குறடு எங்களிட்டைக் கிடக்குத்தானே பிள்ளை. அதை அங்கையே வை. மரமீனை மட்டும் எடு."

எங்களிடம் கிடந்தது பிளக் திருத்துகிற குட்டைக் குறடு. அன்றைக்கு அந்த மேசையில் விட்டுவிட்டு வந்த சாமான்களைத்தான் இந்த வயதில் நான் தேடித்தேடி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

*

மாமா எங்கள் பேஸ்மென்ற்றில் இருந்தார். அம்மாவின் தம்பி. தீவுப் பக்கத்து ஆள், வள்ளம் ஓட்டியவர், கடலில் சீலா மீன் பிடித்தவர். முந்தின வருசம்தான் வந்து சேர்ந்தார். அகதிக் கோரிக்கை விசாரணை இலையுதிர் காலத்தில் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அவர் செய்த ஒரே வேலை காத்திருப்பதுதான். வாசல் மணி அடித்தால் எழும்பி உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் போய்விடுவார். பிட்சா கொண்டுவந்த பெடியனுக்கும் போவார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வந்து இருப்பார். நாங்களும் காணாததுபோல இருப்போம்.

ஒரு டொக்டர் மாமா ஊரில் வாங்கிவந்த தழும்புகளை ஒவ்வொன்றாக அளந்து விசாரணைக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருந்தார். லோயர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சிரித்தபடி, "இனிப் புதுசா ஒண்டும் வேண்டாம் எண்டு தம்பியிட்டைச் சொல்லுங்கோ" என்றாராம். அம்மா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அன்றிலிருந்து மாமா கையில் கத்தி கொடுபடவில்லை. வெங்காயம் வெட்ட வந்தால், "நீ போய் இரு தம்பி". மாம்பழம் வெட்டிக் கோப்பையில் போய்ச்சேரும். ஷேவ் எடுக்கும்போது அம்மா பாத்ரூம் வாசலில் நின்று, "மெல்ல, மெல்ல" என்பா.

"அக்கா, நான் வள்ளத்திலை திருக்கை வெட்டினவன்."

"அது அங்கை. இஞ்சை உன்ரை தோல் கேஸிலை கிடக்கு."

எனக்குப் பன்னிரண்டு வயது. மாமாவின் தோலில் ஒரு கீறல் விழுந்தால் அவரைப் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றமுன்னம் கீழே எட்டிப் பார்ப்பேன். இருக்கிறாரா, முழுசாக இருக்கிறாரா.

அந்த மரமீனைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். தூக்கிப் பார்த்தார். வாயடியில் இருந்த தகட்டை விரலால் தட்டினார். பல்லுத் தடத்தில் அவர் விரலும் போய் நின்றது.

"உது சீலாவுக்கு இழுக்கிற மாதிரியெல்லே கிடக்கு" என்றார். "ஆனா உந்தப் பல்லு... உது ஆற்றை, பிள்ளை?"

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா கதைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவர் அவ்வளவு கதைத்ததை நான் கேட்டதில்லை. சீலா இழுத்தால் விரல் எப்படி வெட்டுப்படும், எந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், நூல் கையில் எப்படிப் பாடும். அம்மா பிட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டா. அவ தம்பி சிரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் விட்டா. மூன்று கட்டளையோடு விட்டா: லைசன்ஸ் எல்லாம் சரியாக இருக்க வேணும், எல்லாரும் லைஃப் ஜக்கெற் போட வேணும், இங்கிலிஸ் கதைக்க நான் கூடப் போகவேணும்.

*

சாமான் தெரிவு செய்தது பேஸ்மென்ற்றில், குடும்பக் கொம்பியூட்டருக்கு முன்னால். வெள்ளைக்காரர் எழுதினதை நான் வாசித்து வாசித்துச் சொல்ல, அப்பாவும் மாமாவும் வெட்டிக்கொண்டே வந்தார்கள்.

"முறியாத மொத்தமான தூண்டில் தடி வேணுமாம்."

"நூலைக் கையிலை பிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் தடி" என்றார் மாமா. தடி போனது. ரீலும் அதோடு போனது. நைலோன் நூலை மரக்கட்டையில் சுற்றிக்கொள்வது என்று முடிவு.

"எவ்வளவு நூல் வெளியிலை நிக்குது எண்டு எண்ணிக் காட்டுற ரீல் நல்லதாம்."

"மாமாவின்ரை கை எண்ணும்" என்றார் அப்பா.

"பல்லு நூலை அறுக்குமாம். முன்னுக்குக் கம்பி லீடர் போட வேணுமாம்."

இதற்கு இருவரும் தலையாட்டினார்கள். சீலாவுக்கும் அப்படித்தான். படம் தொங்கவிடுகிற கம்பியை அப்பா முறுக்கி எடுத்தார்.

"பெரிய வலை, நீளக் குறடு, கட்டர். மீனைத் தண்ணியிலை வைச்சே முள்ளைக் கழட்டி விட வேணுமாம். அளவு காணாட்டிக் கட்டாயம் விட வேணுமாம். அளவு கண்டாலும் கனபேர் விடுறவையாம்."

மாமா கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"பிடிச்சுப்போட்டு விடுறதோ?" என்றார் மாமா.

"ஓம் மாமா."

"பிறகேன் பிடிக்கினம்?"

"பிடிச்சுப் பாக்கத்தான்."

மாமா அப்பாவைப் பார்த்தார். "அத்தான், எங்கடை கரையிலை இப்பிடி ஒருத்தன் செய்தால் அவனை ஆஸ்பத்திரிக்கெல்லே கொண்டு போவினம்."

"விடுறதுக்குச் சாமான் வாங்கின முதல் தமிழர் நாங்களாய் இருப்பம்" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வலைக்குப் பதிலாக அம்மாவின் வெறும் பாஸ்மதிச் சாக்கு ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தார். மீனைத் தூக்கச் சாக்குப் போதும். வீட்டுக்குக் கொண்டுவரவும் அதே சாக்கு. குட்டைக் குறட்டையும் போட்டார், "பிள்ளையின்ரை மனம் கோணாமல்".

கஞ்சத்தனம் என்று இதைச் சொல்லமாட்டேன். அவர்களின் கணக்குச் சரிதான், மீன் கைக்கு வரும்வரை. கைக்கு வந்த ஒன்றைத் திருப்பி விடுவதற்கு அவர்கள் வாழ்க்கையில் ஒரு பழக்கமும் இருக்கவில்லை. அதற்கென்று ஒரு சாமானும் இருக்கவில்லை.

*

ஸ்கூகொக் ஏரி. வாடகை அலுமினியப் படகு, பின்னால் சின்ன எஞ்சின். அப்பா சுக்கான் பிடித்தார், மாமா நடுவில், நான் முன்னால். களைகளுக்கு வெளியே, ஓரமாக, நடக்கிற வேகத்தில் ஓடச் சொல்லி மாமா கையால் காட்டினார். நூலைச் சுட்டுவிரலில் தாங்கிக்கொண்டு இருந்தார். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. பேஸ்மென்ற்றில் நான் கண்ட ஆள் இல்லை அவர்.

"பாடுது" என்றார். "மரமீன் உள்ளுக்கை நல்லா நீந்துது. வந்து தொட்டுப் பார்."

தொட்டேன். நூலுக்குள் ஒரு நடுக்கம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அந்த நடுக்கம் சட்டென்று நின்றது. பிறகு இழுத்தது.

"நிப்பாட்டு அத்தான்!"

மாமா நின்றபடி நூலை இழுத்தார். தண்ணீர் பொங்கியது, பச்சை முதுகொன்று புரண்டது, படகு சாய்ந்தது, நான் கத்தினேன். அப்பா சாக்கின் வாயை விரித்துத் தண்ணீருக்குள் பிடித்தார். மீனின் தலை உள்ளே போனது. உடனே எல்லாம் பிழையாகப் போனது. பொய்மீனின் முன் முள்ளு மீனின் வாயில். நடு முள்ளு சாக்கின் நெய்தலில் மாட்டிக்கொண்டது. மீன் திமிறத் திமிறச் சாக்கும் கூடச் சுருண்டது. மாமா கையை உள்ளே விட்டார்.

"விடடா, கையை விடடா!" என்றார் அப்பா.

"விடேலாது" என்றார் மாமா, வெகு அமைதியாக. "பின்முள்ளு ஏறிட்டுது."

உள்ளங்கையில், பெருவிரலுக்குப் பக்கத்தில். இப்போது மீன், சாக்கு, மாமா மூன்றும் ஒரே மரமீனில் மாட்டிக்கொண்டிருந்தன. அப்பாவின் குட்டைக் குறடு முள்ளைப் பிடிக்கப் போனால் அப்பாவின் விரலும் மீனின் பல்லுக்குள் போகும். கட்டர் இல்லை. அது முடக்கு வீட்டு மேசையில்.

"சின்ன மீன் அத்தான்" என்றார் மாமா. "விட வேண்டிய மீன்."

எனக்குள் ஓடினது ஒன்றுதான்: புதுத் தழும்பு. டொக்டர் எழுதாத தழும்பு. அம்மா பாத்ரூம் வாசலில் நின்று காத்த தோல்.

அந்த நேரம்தான் மற்றப் படகின் சத்தம் கேட்டது. பச்சை யூனிபோம் போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஏரியில் லைசன்ஸ் பார்க்கிற அதிகாரி. நாங்கள் ஆடுவதைக் கண்டு உதவிக்கு வந்தாரோ என்னவோ. கையை உயர்த்தி எதையோ கூப்பிட்டுச் சொன்னார்.

மாமா திரும்பிப் பார்த்தார். யூனிபோமைக் கண்டார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

மீனோடு, சாக்கோடு. அவ்வளவு பாரமும் அந்த ஒரு முள்ளில் தொங்கியது. முள்ளு போகக்கூடிய தூரம் போனது. மாமா சத்தம் போடவில்லை. கையை இறக்கவும் இல்லை. தண்ணீரும் இரத்தமும் முழங்கையால் வழிந்தன.

"கையை இறக்கு மச்சான்! இறக்கடா!" என்று கத்தினார் அப்பா.

அதிகாரி படகை எங்களோடு ஒட்டினார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். யாருக்கு ஆங்கிலம் வரும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். "ஏன் இவர் கையைத் தூக்கி வைத்திருக்கிறார்?"

எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. ஆனால் பதில் சொல்வது என் வேலை.

"உங்களுக்கு மீனைக் காட்டுறார்" என்றேன்.

அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மெல்லத் தன் படகில் குந்தி, தன் இரண்டு உள்ளங்கையையும் மாமாவுக்குக் காட்டி, அப்படியே கீழே இறக்கிக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக மாமாவின் கைகளும் இறங்கின.

அதிகாரி தன் பெட்டிக்குள்ளிருந்து கட்டர் ஒன்றை எடுத்தார். முடக்கு வீட்டு அன்ரி தள்ளிவிட்ட அதே மாதிரி. டக், டக், டக். முள்ளுகள் அறுந்தன. மீன் ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். மீனை வாலில் பிடித்துத் தண்ணீருக்குள் நிமிர்த்தி வைத்திருந்தார். அது மூச்சு வாங்கி, ஒரு வெட்டு வெட்டி, போய்விட்டது. லைசன்ஸ் பார்த்தார். சாக்கைக் கனநேரம் பார்த்தார். "அடுத்த முறை வலை கொண்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

*

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்துத் தையல் போட்டார்கள். வீட்டில் அம்மா அப்பாவோடு கதைக்கவில்லை, லோயரோடு கதைத்தா. அவர் நீள மூச்சு விட்டது ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. மரமீன் அடுத்த குப்பை வண்டியில் போனது. அறுந்த முள்ளு மூன்றோடும், பல்லுத் தடத்தோடும்.

அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க நாங்கள் ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மஞ்சள் பூசினா, கிறீம் பூசினா, ஆரோ சொன்ன எண்ணெய் பூசினா. தழும்பு மறைந்தால் கேள்வி வராது. அது மறையவில்லை. வெள்ளையாக, கொழுக்கி மாதிரியே வளைந்து நின்றது. மாமா மேசைக்குக் கீழே கையை வைத்துச் சாப்பிடப் பழகினார், இடது கையால், கரண்டியால். காலையில் சீரியல் தின்றபடி நான் அந்தக் கையைத் தேடுவேன். மீன் ஒன்று என் மாமாவைத் திருப்பி அனுப்பப்போகிறது என்று யாரிடம் சொல்வது? சிநேகிதிகள் சிரிப்பார்கள்.

விசாரணைக்கு அம்மாதான் கூடப் போனா. வந்து சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாமாவின் கையைக் கண்டு, "இது இதில் இல்லையே" என்றாராம். மாமா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "மீன்" என்றாராம். ஏரி, சாக்கு, முள்ளு எல்லாம் சொன்னாராம். பிறகு, "யூனிபோம் போட்டவர் வந்தார், நான் கையைத் தூக்கினன், அதாலைதான் இவ்வளவு ஆழம்" என்றாராம்.

ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்கடை கடலிலை நேவியின்ரை யூனிபோமைக் கண்டால் கை தூக்கும். அது நான் யோசிச்சுச் செய்யிறேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தாராம். அந்தக் கையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லையாம்.

மாமாவை ஏற்றுக்கொண்டார்கள். "மீன்தான் கேஸை வெண்டது" என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. "லோயர் வெண்டவர்" என்பார் அப்பா. எனக்குத் தெரியாது. நான் அறிந்தது, அந்த ஏரியில் அதிகாரிக்கு நான் சொன்ன மொழிபெயர்ப்புப் பிழை என்பதும், அதைப் பெரியாக்கள் ஒருவரும் எனக்குத் திருத்திச் சொல்லவில்லை என்பதும்தான். சின்னப் பிள்ளைக்கு ஏன் என்று விட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளை எல்லாவற்றுக்கும் வேறுமாதிரிப் பயந்துகொண்டிருந்தது.

மாமா பிறகு படகில் ஏறவில்லை.

*

இப்போது எங்களுக்கும் முப்பது தாண்டிவிட்டது. குனிந்து நிமிர்ந்தால் முழங்கால் சத்தம் போடுகிறது. உங்களில் சிலர் வீடு வாங்கிவிட்டீர்கள், சிலர் மரதன் ஓடுகிறீர்கள். நான் மஸ்கிச் சாமான் வாங்குகிறேன். கையில் பெரிய காசில்லை, அதனால் இந்த வசந்தம் முழுக்கப் போன் திரையில் தடியையும் ரீலையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு என் தலை வலிக்கிறது. கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தடியில் மிச்சம் பிடிக்கலாம், மொத்தமாகவும் முறியாமலும் இருந்தால் பழசே போதும். நூல் எண்ணுகிற ரீலும் பழசு வாங்கலாம், எண்ணுகிறதா என்று மட்டும் இழுத்துப் பாருங்கோ. தடியைச் செருகுகிற தாங்கி மலிவென்றால் தடியை ஒரு கயிறால் படகோடு கட்டிவிடுங்கோ. பொய்மீன் நாலைந்து வேண்டாம், இரண்டு போதும். லீடரில், வலையில், நீளக் குறட்டில், கட்டரில் மிச்சம் பிடிக்காதேங்கோ. நான் கட்டரைத்தான் முதலில் வாங்கினேன். மற்றதெல்லாம் பிறகு. அது இப்போது என் லைஃப் ஜக்கெற்றில் சிவப்புக் கயிற்றில் தொங்குகிறது.

சாமான் எல்லாம் சேர்ந்தபிறகு றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற மாமாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு இப்போது சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள், கராஜுக்குள் அரிசிச் சாக்கு.

"சீசன் திறக்குது மாமா. சனிக்கிழமை. படகு பதிஞ்சிட்டன்."

பின்னால் ஆரோ கோப்பை கழுவினார்கள்.

"வலை வாங்கினியோ?"

"ஓம்."

"கட்டர்?"

"அதைத்தான் முதல் வாங்கினனான்."

"ம்." கோப்பைச் சத்தமும் நின்றது. "பிள்ளை, அங்கை உவங்கள் வருவாங்களெல்லே. லைசன்ஸ் பாக்க."

"வருவினம் மாமா. வந்தால் நான் கதைக்கிறன். இந்த முறை சரியாச் சொல்லுவன்."

"நீ கதைப்பாய். என்ரை கை என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாதே."

எனக்கும் தெரியாது. மூன்று நாளாக அதை யோசித்து யோசித்துச் சாமான் பையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு வழி பிடித்திருக்கிறேன், மாமாவும் ஓமென்றுவிட்டார். நூல் என்னிடம், தடி என்னிடம். எஞ்சின் மாமாவிடம். சுக்கானை இறுக்கிப் பிடித்தால்தான் படகு நேரே போகும்; விட்டால் வட்டமடிக்கும். பச்சை யூனிபோம் தூரத்தில் தெரிந்தால் நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, என் கையை அவர் கைக்கு மேலே வைத்து, இரண்டு பேருமாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அந்தப் படகு கிட்ட வரும்வரை நேரே ஓடப்போகிறோம்.

அதைச் செய்து பார்க்கத்தான் போகிறோம். மீன் கடித்தால், கட்டர் இருக்கிறது.